கண் கலங்க வைக்கும் காட்சிகள்

இரவு பத்து மணியைத் தாண்டிய வேளை. வெளியே ஒரகடம் சாலையில் இரண்டாம் ஷிப்டு முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. எங்கள் மருத்துவமனையின் காத்திருப்போர் கூடத்தில் இருபது முப்பது பேர் அமர்ந்திருக்கின்றனர். சிலர் சீருடையைக்கூட மாற்றாமல் வேலையிலிருந்து நேரே வந்தவர்கள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்குகிறது. வேறு சிலர் வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சோற்றுத் தூக்குடன் வந்த முதியோர். சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் ‘பாசமலர்’ ஓடுகிறது. பார்வை இழந்து நிற்கும் அண்ணனைத் தங்கை கண்டுகொள்ளும் இறுதிப் பகுதி. கூடத்தில் பேச்சு அடங்குகிறது. ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். ஓர் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். படம் வெளியான 1961ஆம் ஆண்டில் பெற்றோரே பிறந்திராத ஓர் இளைஞர், குனிந்து கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார். அவர் கண்ணும் கலங்கியிருப்பதை எதிர் வரிசையில் இருப்பவர்கள் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகிறார்கள்.

இத்தகைய இரவுகளை நாங்கள் பல முறை கண்டிருக்கிறோம். அதே கூடத்தில் எங்கள் கவனக்குறைவால் ஒரு பிழையும் நேர்ந்ததுண்டு. ஒரு நாள் மாலை, மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர் உயிர் பிரியும் காட்சி கொண்ட படம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே அமர்ந்திருந்தோருள், தீவிர சிகிச்சைப் பிரிவில் கணவரைச் சேர்த்திருந்த பெண்மணி ஒருவரும் இருந்தார். அவர் எழுந்து வெளியே போனார். படிக்கட்டில் அமர்ந்து குலுங்கி அழுதார். செவிலியர் ஒருவர் அருகில் சென்று அமர்ந்தபோது அவர் சொன்ன சொற்கள் எங்கள் நினைவில் நிற்கின்றன: “படத்துக்காக அழல சிஸ்டர். ஒன்பது நாளா அடக்கி வெச்சிருந்தேன். படம் தொறந்து விட்டுடுச்சு.”

அந்தக் காட்சி அவரைப் புண்படுத்தியதா, அன்றி அவருக்கு உதவியதா? இரண்டுமே உண்மை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. நோயுற்றவரும் அவருக்குத் துணையிருப்பவரும் திரையின் முன் அமர்ந்து கண் கலங்குவதை எவ்வாறு புரிந்துகொள்வது, எப்போது அதற்கு இடம் கொடுப்பது, எப்போது மருத்துவரிடம் சொல்வது என்பவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழுகைக்கு நான்கு வாயில்கள்

திரைப்படத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, அழுகை எதனால் பிறக்கிறது என்று நம் முன்னோர் வகுத்துப் பார்த்திருக்கின்றனர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலைகளை எட்டாகச் சொல்கிறது. நகைக்கு அடுத்து நிற்பது அழுகை. அது நான்கு காரணங்களால் பிறக்கும் என்பது அந்நூலின் கருத்து: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டுச் சிறுமையுறுவது இளிவு. உயிரையோ உடைமையையோ உறவையோ பறிகொடுப்பது இழவு. முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வேறொரு நிலைக்குத் தளர்ந்து வருந்துவது அசைவு. வேண்டியது இல்லாமல் வாடுவது வறுமை.

தமிழர்களைத் தவறாமல் அழவைக்கும் திரைக்காட்சிகளை நினைவுகூர்ந்தால், ஏறத்தாழ ஒவ்வொன்றும் இந்நான்கினுள் ஏதேனும் ஒன்றின் வழியாகவே நம் உள்ளத்தினுள் நுழைவதைக் காணலாம்.

இழவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ‘பாசமலர்’. ஏ. பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையாக நடித்த படம். அதன் கதை நம் பகுதிக்கு அந்நியமானதன்று. அண்ணன் ஓர் ஆலைத் தொழிலாளி. வேலை பறிபோன வேளையில், தங்கை பொம்மை செய்து சேர்த்த பணமே அவன் தொழில் தொடங்க முதலாகிறது. வாழ்வு உயர்கிறது, உறவு பிரிகிறது. ஒருவரையொருவர் காண இயலாத நிலையில் இருவரும் தத்தம் குழந்தையைத் தாலாட்டும் காட்சி அறுபது ஆண்டுகள் கடந்தும் கண்களை நனைக்கிறது. இறப்பைக் காட்டிலும், உயிருடன் இருக்கையிலேயே சேர முடியாமற்போன நாள்களே அங்கே நம்மை வருத்துகின்றன. “பேசியிருக்கலாமே” என்ற எண்ணம் பார்ப்பவர் ஒவ்வொருவரின் சொந்த வீட்டுக் கதவையும் தட்டுகிறது. நோய்ப்படுக்கையில் இருப்பவர் பல ஆண்டுகள் பேசாதிருந்த உடன்பிறந்தவரை அழைத்து வரச் சொல்வதை நாங்கள் அறிவோம். அந்த அழைப்புக்கும் இந்தப் படத்திற்கும் வேர் ஒன்றுதான்.

இளிவுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு, மாரி செல்வராஜ் இயக்கி 2018இல் வெளியான ‘பரியேறும் பெருமாள்’. பெண் வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞரான தந்தை, மகன் படிக்கும் கல்லூரிக்கு வந்த இடத்தில் வேட்டி உருவப்பட்டு அவமானப்படுத்தப்படுகிறார். அத்தந்தையாக நடித்த தங்கராஜ் உண்மையிலேயே ஒரு நாட்டுப்புறக் கலைஞர். தனக்கு நேர்ந்த இழிவைப் பொறுத்துக்கொண்ட மகனால், தந்தைக்கு நேர்ந்ததைப் பொறுக்க முடியவில்லை. பார்ப்பவர்களாலும் முடிவதில்லை.

நோயும் ஒருவகை இளிவைக் கொண்டுவருகிறது என்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. படுக்கையிலேயே மலம் கழிக்க நேர்வது, அந்நியர் முன் ஆடை விலகுவது, மருமகள் கையால் குளிப்பாட்டப்படுவது ஆகியவற்றை வலியைவிடப் பெரிய துன்பமாக உணரும் முதியோர் உண்டு. அவர்கள் வலிக்கு அழமாட்டார்கள், இதற்கு அழுவார்கள். திரைச்சீலையை இழுத்து மூடிய பின் ஆடையை அகற்றுவதும், “ஐயா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா?” என்று ஒரு சொல் கேட்டுவிட்டுத் தொடுவதும் அந்தக் கண்ணீரைத் தடுக்கும் மருந்துகளே.

வறுமைக்குச் சேரன் இயக்கிய ‘தவமாய் தவமிருந்து’ (2005) ஒன்றே போதும். சிறு அச்சகம் நடத்தும் தந்தை, கடன் வாங்கி இரு மகன்களைப் படிக்கவைக்கிறார். ராஜ்கிரணும் சரண்யாவும் பெற்றோராக வாழ்ந்து காட்டிய அப்படத்தைப் பார்த்த பலர், திரையரங்கை விட்டு வெளியே வந்தவுடன் ஊருக்குத் தொலைபேசியில் பேசியதாகச் சொல்வதுண்டு.

சுதா கொங்கரா இயக்கிய ‘சூரரைப் போற்று’ 2020இல் வந்தபோது, நம் தொழிற்பகுதியின் வாடகை அறைகளில் அதைக் கைப்பேசியில் பார்த்தவர்கள் ஏராளம். தந்தை சாகக் கிடக்கிறார் என்ற செய்தி வருகிறது. மகன் விமான நிலையத்திற்கு ஓடுகிறான். கையிலுள்ள பணம் பயணச்சீட்டுக்குப் போதவில்லை. முன்பின் அறியாதவர்களிடம் கையேந்துகிறான். ஒருவழியாக ஊர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது. தாயின் சினமும் அழுகையும் மட்டும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. அந்தத் தாயாக ஊர்வசி நடித்தார். அப்படத்திற்கு ஐந்து தேசிய விருதுகள் கிடைத்தன. ஆனால் நம் பகுதியில் அக்காட்சியின் வலிமையை விருதுகளைக் கொண்டு அளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியிலும் தென்காசியிலும் பெற்றோரை விட்டுவிட்டு இங்கே உற்பத்தி வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உள்ளூர ஓர் அச்சம் உண்டு: அந்த அழைப்பு வரும் நாளில் நாம் நேரத்திற்குப் போய்ச் சேர்வோமா? அந்தக் காட்சி அந்த அச்சத்தின் பெயரைச் சொல்லி அழைக்கிறது.

அசைவு என்னும் நான்காம் வாயில்

நான்கினுள் நோயுற்றவருக்கு மிக நெருக்கமானது அசைவு என்று எங்களுக்குப் படுகிறது. நேற்றுவரை இருந்த நிலை இன்று இல்லை. எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்தவர் இன்று கழிப்பறைக்குச் செல்ல இருவர் தோளைப் பற்றுகிறார். வீட்டின் கணக்கு வழக்கைக் கையில் வைத்திருந்தவர், இன்று மாத்திரையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளத் திணறுகிறார். யாரும் இறந்துவிடவில்லை, யாரும் இகழவில்லை, காப்பீட்டால் பணத்தட்டுப்பாடும் இல்லை. ஆயினும் கண்ணீர் வருகிறது. “ஏன் அழுகிறீர்கள்? எல்லாம்தான் சரியாகிவிட்டதே” என்று உறவினர் கேட்கும்போது அவரால் விடை சொல்ல இயலுவதில்லை. விடை இந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது.

நம் பகுதி இந்த அசைவை மருத்துவமனைக்கு வெளியிலும் அறிந்த பகுதி. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, உடலில் ஒரு குறையும் இல்லாத இளைஞர்களும் இளம்பெண்களும் அதே தளர்ச்சியை உணர்ந்தார்கள். வேலை போனதோடு, “நான் இன்ன இடத்தில் இருப்பவன்” என்ற நிலையும் உடன் போயிற்று.

திரையில் அசைவின் உச்சம் பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982). விபத்தில் நினைவிழந்து குழந்தை நிலைக்குச் சென்றுவிட்ட பெண்ணைச் சீனு தாயினும் மேலாகப் பேணுகிறான். அவள் குணமடைகிறாள், ஆனால் அந்நாள்களின் நினைவும் அவனோடு சேர்ந்து மறைகிறது. கேத்தி ரயில் நிலையத்தில், மழையில், அவளுக்குப் பிடித்த குரங்குச் சேட்டைகளை எல்லாம் செய்துகாட்டி நினைவூட்ட முயல்கிறான். அவளோ அவனைப் பித்தன் என்று எண்ணிவிடுகிறாள். ரயில் புறப்பட்டுவிடுகிறது. அப்படத்திற்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார்.

மருத்துவ நோக்கில் ஒன்று சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டவருக்கு நினைவு இவ்வாறு ஒரே நாளில் முழுமையாகப் போவதும் ஒரே நாளில் முழுமையாகத் திரும்புவதும் திரைக்கதையின் வசதி. நெடுஞ்சாலை விபத்துக்குப் பின் நாங்கள் காணும் நோயர்களில் பெரும்பாலோர் விபத்தையும் அதை ஒட்டிய நேரத்தையுமே மறக்கின்றனர். தெளிவு சிறிது சிறிதாகவே வருகிறது. எனினும் அக்காட்சியில் ஒரு பெரிய உண்மை உண்டு. மறதிநோய் கண்ட தாயை ஐந்தாறு ஆண்டுகளாகப் பேணும் மகளிடம், “நீ யாரம்மா, எந்த ஊர்?” என்று தாய் கேட்கும் நாள் வருகிறது. கவனித்த உழைப்பு முழுவதும், கவனிக்கப்பட்டவரின் நினைவில் இல்லை. அம்மகள் நிற்பதும் அதே ரயில் நிலையத்தில்தான். அவளிடம் “அழாதே” என்று சொல்வதில் பயனில்லை. “நீ செய்ததை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று குடும்பத்தில் ஒருவரேனும் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையைக் காட்டிய படங்கள்

மருத்துவமனையையே களமாகக் கொண்டு தமிழரை அழவைத்த படங்களில் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) தனியிடம் பெற்றது. பெரும்பகுதி ஒரே மருத்துவமனை அரங்கினுள் நடக்கும் கதை. புற்றுநோய் கண்ட கணவன், தான் இறந்துவிட்டால் நீ மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று மனைவியிடம் சொல்கிறான். சிகிச்சை அளிக்கும் மருத்துவரோ அவளை முன்பு நேசித்தவர். அறுவை சிகிச்சை வெற்றி பெறுகிறது. நோயாளி பிழைக்கிறார், ஓய்வின்றி உழைத்த மருத்துவர் இறந்துவிடுகிறார். முத்துராமன், தேவிகா, கல்யாண்குமார் மூவரும் நடித்த இப்படத்தை ஸ்ரீதரே ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்தியிலும் எடுத்தார். வீட்டுக்குத் திரும்பிய பல நோயர்கள் இப்படத்தைப் பற்றி எங்களிடம் பேசியிருக்கிறார்கள். கணவனும் மனைவியும் சாவைப் பற்றி நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் அந்த இடமே அவர்களைத் தொடுகிறது. வீட்டில் யாரும் எடுக்கத் துணியாத பேச்சைத் திரையில் இருவர் எடுத்துவிட்டார்கள்.

பேசாதிருப்பதன் விலையைச் சொல்லும் படம் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ (1990). மூளை வளர்ச்சி குன்றி, நெடுநாள் வாழ இயலாத நிலையில் பிறந்த குழந்தை இறந்தே பிறந்ததாகத் தந்தை தாயிடம் சொல்லிவிடுகிறார். அவள் துன்பப்படக் கூடாது என்பதே அவர் எண்ணம். உண்மை வெளிப்படும்போது அவளை வருத்துவது குழந்தையின் நோய் மட்டுமன்று. தான் இல்லாமல் குழந்தை கழித்த நாள்களும்கூட. குழந்தை ஷாமிலியின் நடிப்பு தேசிய விருது பெற்றது. “அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்” என்று எங்களிடம் கேட்டுக்கொள்ளும் பிள்ளைகளின் அன்பை நாங்கள் மதிக்கிறோம். அதே வேளையில், மறைக்கப்படுவது நோய் மட்டுமன்று, சேர்ந்து அழுவதற்கான நேரமும்தான் என்பதை இப்படம் நினைவூட்டுகிறது. எதை, எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை மருத்துவரோடு அமர்ந்து முடிவு செய்யலாம்.

நம் ஆலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போரும் எங்கள் கூடத்தில் அமர்கின்றனர். மொழி வேறாயினும் வாயில்கள் அவையே. ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘ஆனந்த்’ (1971) பேச்செடுத்தால் அவர்களுள் மூத்தோர் முகம் மாறுகிறது. தனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று அறிந்தும் எல்லாரையும் சிரிக்கவைத்த ஆனந்த் இறந்துபோகிறான். “பேசு” என்று கதறும் மருத்துவ நண்பனுக்கு, ஒலிநாடாவில் பதிந்திருந்த அவன் குரல் விடையாக ஒலிக்கிறது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955), மகள் இறந்தது அறியாத தந்தை அவளுக்கென வாங்கி வந்த சேலையை எடுத்துக் காட்டுகிறார். தாய் கதறுகிறாள், அவள் குரலுக்குப் பதிலாக இசைக்கருவியின் ஓலம் மட்டுமே நமக்குக் கேட்கிறது. அந்தச் சேலையைக் கண்டு அழுவதற்கு வங்காள மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உடலில் நடப்பது என்ன?

நம் கண்ணில் மூவகை நீர் சுரக்கிறது. விழியை எப்போதும் ஈரமாக வைத்திருப்பது ஒன்று. வெங்காயம் நறுக்கும்போதும் தூசு விழும்போதும் வருவது இரண்டாவது. உள்ளம் நெகிழும்போது வருவது மூன்றாவது. மேல் இமைக்கு உட்புறம் உள்ள கண்ணீர்ச் சுரப்பி, மூளையின் கட்டளையால் மிகுதியாகச் சுரக்கிறது. கண்ணின் உள்மூலையிலுள்ள நுண்துளைகள் வழியே அந்நீர் மூக்கினுள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். அழுகையை விழுங்க முயலும்போது தொண்டையில் ஏதோ அடைப்பதுபோல் தோன்றுவதும் இயல்பே. அங்குள்ள தசைகள் திறக்கவும் மூடவும் ஒரே நேரத்தில் முயல்கின்றன.

சில காட்சிகள் யாரையும் அழவைக்கும் என்பதை ஆய்வாளர்களும் பயன்படுத்தியிருக்கின்றனர். அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவென்சனும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் சோகத்தை எழுப்பத் தக்க காட்சிகளுள் ‘தி சாம்ப்’ (1979) என்ற படத்தின் ஒரு பகுதி முன்னிடம் பெற்றது. குத்துச்சண்டை வீரரான தந்தை இறந்துகிடக்க, சிறுவன் அவரை எழுப்ப முயலும் காட்சி அது.

அழுதால் மனம் இலேசாகுமா? நெதர்லாந்தில் அஸ்மிர் கிராசனின், ஆட் விங்கர்ஹூட்ஸ் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நுட்பமான விடை தருகிறது. அறுபது பேருக்கு உருக்கமான படம் ஒன்று காட்டப்பட்டது. அழாதவர்களின் மனநிலை மாறவில்லை. அழுதவர்களின் மனநிலை படம் முடிந்தவுடன் தாழ்ந்திருந்தது. இருபது நிமிடத்தில் அது பழைய நிலைக்கு வந்தது. தொண்ணூறு நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன்பிருந்ததைக் காட்டிலும் மேம்பட்டிருந்தது. ஆகவே அழுகை உடனடி மருந்தன்று. அழுது முடித்தவருக்குச் சற்று நேரம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் “போதும், கண்ணைத் துடை” என்று விரட்டாமல் அருகில் இருப்பதே நாம் செய்யத்தக்கது.

ஆண்கள் அழலாமா?

மெட்டி ஒலி (2002–2005) தொடரை நினைவில் வைத்திருப்போர் அறிவர்: ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையாக டெல்லி குமார் நடித்த அத்தொடரை வீட்டுப் பெண்கள் கூடத்தில் அமர்ந்து பார்த்தழ, ஆண்கள் வாசற்படியில் நின்றபடி பார்த்துக் கலங்கினார்கள். ஆண் அழுவது இழுக்கு என்ற எண்ணம் நம்மிடையே வலுவானது.

2019 செப்டம்பர் 7 அன்று தொலைக்காட்சியில் நாடே கண்டது ஒரு மெய்யான நிகழ்ச்சி. சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலத்துடன் தொடர்பு அறுந்துபோன அன்று காலை, கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த இஸ்ரோ தலைவர் கே. சிவன், பிரதமர் தழுவிக்கொண்டபோது அழுதுவிட்டார். தோல்விச் செய்தி வந்த நள்ளிரவில் வராத கண்ணீர், தோளில் ஒரு கை பட்டவுடன் வந்தது. பார்த்தவர்களும் அவ்விடத்திலேயே கலங்கினார்கள். நான்காண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டு 23 அன்று, சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அழுதவர்கள் அழுதுவிட்டுப் பணிக்குத் திரும்பியிருந்தார்கள்.

இதிலிருந்து ஒன்றை நாம் கற்கலாம். அடி விழும்போது பலர் அழுவதில்லை. பரிவு வந்து தொடும்போதே அழுகின்றனர். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கையொப்பம் இடும்போது கலங்காத மகன், கடைப் பையன் “அண்ணே, டீ குடிங்க” என்று கொடுத்த கோப்பையை வாங்கும்போது உடைந்துபோவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அது பலவீனம் அன்று. தாங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நொடி இளைப்பாற இடம் கிடைத்தது என்பதே அதன் பொருள்.

எப்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டும்?

எல்லா அழுகையும் ஒன்றன்று. பின்வரும் நிலைகளில் எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

பக்கவாதத்திற்குப் பின் சிலருக்குக் காரணமின்றியோ மிகச் சிறு காரணத்திற்கோ திடீரென அழுகை வந்து, அவர்களால் நிறுத்த இயலாமற்போகும். சிலருக்குச் சிரிப்பும் அவ்வாறே வரும். உள்ளே துயரம் இல்லாமலே நிகழக்கூடிய இது, மூளையின் கட்டுப்பாட்டு வழி பாதிக்கப்பட்டதன் விளைவு. குடும்பத்தார் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு வருந்துகின்றனர். இதற்கு மருந்து உண்டு.

மகப்பேற்றுக்குப் பின் முதல் சில நாள்களில் தாய்க்குக் காரணமின்றிக் கண்ணீர் வருவது இயல்பு. இரண்டு வாரங்களைக் கடந்தும் அது நீடித்தால், அல்லது குழந்தையிடம் பற்றே தோன்றவில்லை என்றால் மருத்துவரைக் காண வேண்டும்.

எந்த நோயராயினும், துணையிருப்பவராயினும், இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நேரம் மனச்சோர்வு, உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இருந்தால் அது சிகிச்சைக்குரிய மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அழவே முடியாமல் மரத்துப்போன நிலையும் அதன் அறிகுறியாகலாம். “நான் இருந்து என்ன பயன்” என்ற சொல் ஒருமுறை வந்தாலும் அதைப் புறக்கணிக்காதீர்கள். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் கட்டணமின்றிச் செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம்.

அழும் வேளையில் மார்பு இறுக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால், உணர்ச்சியால்தான் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். மருத்துவமனையில் இருந்தால் உடனே செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் 108ஐ அழையுங்கள்.

துணையிருப்போருக்குச் சில குறிப்புகள்

படம் போடுமுன் நோயரிடம் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த படம் அவருக்கு இன்று பிடிக்க வேண்டும் என்பதில்லை. தன் நோயையே காட்டும் படத்தைச் சிலர் விரும்பிப் பார்ப்பர், சிலர் தாங்கமாட்டார்கள். முடிவு அவருடையதாகட்டும்.

வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை முடிந்தவர் விம்மி அழுதாலும் வாய்விட்டுச் சிரித்தாலும் தையல் இடத்தில் வலிக்கும். சிறு தலையணை ஒன்றை அவ்விடத்தில் மெல்ல அணைத்துக்கொள்ளச் செய்யுங்கள். நகைச்சுவைப் படத்திற்கும் இது பொருந்தும்.

கண்புரை அறுவை செய்தவர் கண்ணீர் வந்தால் கையாலோ முந்தானையாலோ கண்ணைத் தேய்க்கக் கூடாது. கன்னத்தில் வழிந்ததைத் தூய்மையான பஞ்சாலோ மெல்லிய தாளாலோ ஒற்றி எடுத்தால் போதும்.

மாரடைப்பு வந்து சில நாள்களே ஆனவருக்கு எதைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறங்கும் நேரத்திற்குச் சற்று முன் உருக்கமான படம் வேண்டாம். அழுத பின் மனம் தெளிய நேரம் பிடிக்கும் என்பதை மேலே கண்டோம். பிற்பகல் நல்ல வேளை. படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சற்றுப் பேசிக்கொண்டிருங்கள். “உங்களுக்கு எந்த இடம் மனத்தைத் தொட்டது?” என்ற ஒரு கேள்வி, பல நாள்களாகச் சொல்லப்படாத ஒன்றை வெளியே கொண்டுவரக்கூடும்.

இறுதியாக, உங்களுக்காகவும் அழ இடம் தேடிக்கொள்ளுங்கள். நோயர் முன்னிலையில் திடமாக இருக்க வேண்டும் என்று கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவோர் பலர் எங்கள் மருத்துவமனையில் இருக்கிறார்கள். குழாய்ச் சத்தத்தைக் கொண்டு செவிலியர்கள் அதை அறிந்துவிடுவர். செவிலியர் அறையின் கதவைத் தட்டினால் நாற்காலியும் தண்ணீரும் கிடைக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படிக்கட்டு நிகழ்ச்சிக்குப் பின், கூடத்துத் தொலைக்காட்சியின் ரிமோட் செவிலியர் மேசையில் இருக்கிறது. மருத்துவமனை மரணக் காட்சிகள் வந்தால் அலைவரிசை மாற்றப்படுகிறது. யாரும் வந்து மாற்றச் சொல்லலாம், காரணம் கேட்பதில்லை. ஒன்பது நாள் அழுகையை அடக்கி வைத்திருந்த அந்த அம்மையார், கணவர் வீடு திரும்பிய நாளில் எங்களிடம் விடைபெற வந்தார். கணவர் சக்கர நாற்காலியில் இருந்தார். கூடத்தில் ஏதோ பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. “மாத்தட்டுமாம்மா?” என்று செவிலியர் கேட்டார்.

“வேணாம் சிஸ்டர், ஓடட்டும்” என்றார். கார் வரும்வரை இருவரும் அமர்ந்து பார்த்தார்கள். கணவர் கண் கலங்கியபோது, அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அடக்கச் சொல்லவில்லை.